பெயரைப் பதிவதும் பெயரைப் பரப்புவதும்

காலாப்பட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு டொமைன் பெயர் வாங்க அதிக நேரம் ஆகாது. பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, பணத்தைக் கட்டினால் முடிந்தது. இடையில் ஒரு படிவம் வரும். முழுப்பெயர், வீட்டு முகவரி, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கேட்கும். புதுவைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண், தன் கட்டுரைகளைத் தொகுத்துவைக்க ஒரு டாட் காம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரயில் முன்பதிவுக்கும் எரிவாயு இணைப்புக்கும் கொடுக்கிற அதே விவரம்தானே என்று விடுதி முகவரியையும் சொந்த எண்ணையும் நிரப்பிவிடுவார். ஆனால் ரயில்வேக்குக் கொடுத்த எண் ரயில்வேயிடம் தங்கும். தங்கவேண்டும் என்பதாவது விதி. டொமைன் படிவத்தில் எழுதிய எண்ணோ, 2018 வரை, உலகின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் இலவசமாகக் காட்டப்பட்டது. இன்றும் எல்லா இடத்திலும் அது மறைக்கப்படுவதில்லை.

இந்தப் படிவத்தின் பிறப்பிடம் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் வளர்ந்த அர்ப்பாநெட். அதன் தகவல் மையம் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயங்கியது. பொறுப்பாளர் எலிசபெத் ஃபைன்லர். வலையில் இணைந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரப் புத்தகத்தை அந்த மையம் அச்சிட்டுக் கொடுத்துவந்தது. 1982இல் அதே வேலையைக் கணினி வழியே செய்ய ‘ஹூஇஸ்’ என்ற நெறிமுறை வெளியானது. வலையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் முழுப்பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் பெட்டி ஆகியவற்றைப் பதிந்துகொள்ளவேண்டும் என்று அந்த ஆவணம் கேட்டுக்கொண்டது. 43ஆம் எண் வாயிலில் கேள்வி போட்டால் பதில் வரும். கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்ற விசாரணை கிடையாது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆயிரம் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் புழங்கிய இடம் அது. பழுது ஏற்பட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாகவேண்டும். அந்தக் காலத்துக்கு அது சரியான ஏற்பாடு.

1998இல் டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு உருவாகி டொமைன் விற்பனை ஒரு பெரிய வணிகமானபோதும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. ஐகானோடு ஒப்பந்தம் போட்ட ஒவ்வொரு பதிவு நிறுவனமும் வாடிக்கையாளரின் விவரத்தைப் பொதுவில் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. விளைவு என்னவென்று இந்தியாவில் டொமைன் வாங்கிய பலருக்கும் தெரியும். பெயர் பதிந்த கையோடு கைபேசி அடிக்கத் தொடங்கும். இணையதளம் வடிவமைத்துத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம், லோகோ செய்து தருகிறோம் என்று நாள் முழுக்க அழைப்புகள், வாட்ஸ்அப் செய்திகள். அன்றன்று புதிதாகப் பதிவான டொமைன்களின் பட்டியலை உரிமையாளர் எண்ணோடு விற்பதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. அழைப்புத் தொல்லை பொறுத்துப்போகக்கூடியது. தனியாக வாழும் பெண், அரசையோ சாதிச் சங்கத்தையோ எதிர்த்து எழுதுகிறவர், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வேறு ஊரில் குடியிருப்பவர் ஆகியோருக்கு வீட்டு முகவரி வெளியே தெரிவது பொறுத்துப்போகிற விஷயமல்ல.

அச்சகத்தின் காலத்திலேயே இந்த மண் இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டது. 1867இல் வந்த அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, பத்திரிகை நடத்துகிறவர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவேண்டியிருந்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களும் இடமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்கவேண்டியிருந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் உயிர் பாரதியார். ஆனால் சட்டப்படி பதிவேட்டில் இருந்த பெயர் மு. சீனிவாசன். 1908இல் அரசு ராஜத்துரோக வழக்குப் போட்டபோது பதிவேட்டைப் பார்த்தது. அதில் இருந்த பெயருக்குரியவரைக் கைது செய்தது. அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பாரதி புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தார். அச்சகமும் வந்தது, அந்த ஆண்டு அக்டோபரில் இதழ் இங்கிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலும் பெயரில்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. 1881 ஜூலை 29ஆம் தேதியப் பத்திரிகைச் சட்டம் காலனிகளுக்கும் பொருந்தும். அதன்படி ஒவ்வொரு இதழுக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், அவர் பிரெஞ்சுக் குடியாக இருக்கவேண்டும், அவர் பெயர் இதழில் அச்சாகவேண்டும். பிரிட்டிஷ் குடியான பாரதி அந்த இடத்தில் கையெழுத்துப் போட வழியில்லை. ஆக இரண்டு ஊரிலும் எழுதியவர் ஒருவர், பதிவேட்டில் இருந்தவர் வேறொருவர்.

இன்று டொமைன் நிறுவனங்கள் ‘பிராக்ஸி’ என்று விற்கிற சேவையும் இதுதான்: உங்கள் பெயருக்குப் பதில் தன் பெயரைப் பதிவேட்டில் போட்டுக்கொள்ளும் ஒரு நிறுவனம். ஆனால் சீனிவாசன் சிறைக்குப் போனார். பிராக்ஸி நிறுவனம் போகாது. நீதிமன்றக் கடிதம் வந்தால் உங்கள் பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். அது நியாயமும்கூட.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறு விதி பலர் கண்ணிலும் படாமல் போயிருக்கும். உறுதிமொழிப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. ஆனால் அதை வைத்திருக்கும் அதிகாரியிடம் போய், ஒரு ரூபாய் கட்டணம் செலுத்திப் பார்க்கவேண்டியிருந்தது. முத்திரையிட்ட நகல் வேண்டுமென்றால் இரண்டு ரூபாய். அன்றைக்கு ஒரு ரூபாய் சின்னப் பணமல்ல. பதிவேடு பகிரங்கமானது, ஆனால் அதன் முன்னால் ஒரு மேசையும் ஒரு குமாஸ்தாவும் இருந்தார்கள். உண்மையான தேவை உள்ளவர் நடந்துபோய்ப் பார்ப்பார்; ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகைக்காரர் முகவரியையும் ஒரே இரவில் அள்ளிக்கொண்டுபோக எவராலும் முடியாது. காலனி அரசுக்குக் குடிமக்களின் அந்தரங்கத்தில் அக்கறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தின் சுபாவமே அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. ஹூஇஸ் அந்த மேசையை அகற்றிவிட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டது. கேடு அங்கேதான் தொடங்கியது.

மறைத்துத் தருவதையே காசாக்கும் தொழில் சீக்கிரமே வந்தது. 2002இல் கோடாடி என்ற பதிவு நிறுவனத்தின் நிறுவனர் முயற்சியில் தொடங்கிய ‘டொமைன்ஸ் பை பிராக்ஸி’ அதில் முன்னோடி. முதலில் உன் விவரத்தைத் தெருவில் வைப்போம், ஆண்டுக்கு இவ்வளவு கட்டினால் எடுத்து உள்ளே வைப்போம் என்ற வியாபாரம் எனக்கு எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. அதில் ஆபத்தும் இருந்தது. 2007இல் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற பதிவு நிறுவனம் நொடித்துப்போய், ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, மறைப்புச் சேவை வாங்கியிருந்தவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள். பதிவேட்டில் இருந்தது அந்த நிறுவனத்தின் சேவைப் பெயர். பெயர் தன்னுடையது என்று நிரூபிக்க வாடிக்கையாளரிடம் எதுவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு ஒப்பீடு பக்கத்திலேயே கிடைக்கிறது. பிரான்சின் டாட் எஃப்ஆர் பெயர்களை அஃப்னிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2006இல் தனிநபர்களுக்கு அதைத் திறந்துவிட்டபோதே, தனிநபர் என்றால் பெயரும் முகவரியும் பொதுவில் காட்டப்படாது என்று வைத்தார்கள். கட்டணம் கிடையாது, தனியாகக் கேட்கவும் வேண்டியதில்லை. விவரம் அஃப்னிக்கிடம் இருக்கும், தகுந்த காரணம் காட்டி எழுதினால் பரிசீலித்துத் தருவார்கள். நிறுவனங்களின் விவரம் மட்டும் வெளியே தெரியும். கனடாவும் 2008இல் இதே பாதைக்கு வந்தது. ஒரு வேடிக்கை: புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு வாழ்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது. டாட் எஃப்ஆர் வாங்க ஐரோப்பாவில் குடியிருக்கவேண்டும் என்பதே விதி. குடியுரிமை கணக்கில் வராது. பாரிசில் தங்கிப் படிக்கும் காலாப்பட்டுப் பையன் வாங்கலாம், இங்கே ஓய்வூதியம் வாங்கும் பிரெஞ்சு ராணுவத்துத் தாத்தா வாங்க முடியாது.

நம் டாட் இன் நிலைமை விசித்திரமானது. 1989இல் உருவான இந்தப் பின்னொட்டு பல ஆண்டுகள் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இருந்து, 2005 முதல் நிக்ஸி என்ற இலாபநோக்கற்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. பிராக்ஸி, மறைப்புச் சேவைகள் டாட் இன்னுக்குக் கூடாது என்பது நிக்ஸியின் கொள்கை. அமெரிக்கா தன் டாட் யுஎஸ்ஸுக்கு 2005இல் போட்ட தடை போலத்தான். ஆனால் இன்று ஒரு டாட் இன் பெயரைத் தேடிப் பார்த்தால், உரிமையாளர் பெயர், தெரு, கைபேசி ஆகிய இடங்களில் அந்தரங்கம் கருதி மறைக்கப்பட்டது என்ற வரிதான் நிற்கிறது. சேவையாக விற்கத் தடை, காட்சியில் மறைப்பு. தெரிந்தோ தெரியாமலோ இரண்டும் சேர்ந்து நல்ல இடத்தில் வந்து நிற்கின்றன: பதிவேட்டில் உண்மைப் பெயர், வெளியே திரை.

இந்தத் திரை ஐரோப்பாவிலிருந்து வந்தது. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம்வரை அபராதம். அதற்கு எட்டு நாள் முன்புதான் ஐகான் அவசரமாக ஒரு தற்காலிக விதியை நிறைவேற்றியது. இருபது ஆண்டு பேசித் தீராத விவகாரம், அபராதத் தொகையைப் பார்த்ததும் முடிவுக்கு வந்தது. ஜெர்மனியின் எபாக் நிறுவனம், டொமைன் வாங்குகிறவரைத் தவிர நிர்வாகத் தொடர்பாளர், தொழில்நுட்பத் தொடர்பாளர் என்று இன்னும் இருவர் விவரங்களைச் சேகரிக்கவே மாட்டேன் என்றது. ஐகான் பான் நகர நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. தேவையில்லாததை வாங்காதே என்பதுதான் அந்த வழக்கின் சாரம். தற்காலிக விதியின் பயன் ஐரோப்பியர்களுக்கு உறுதி. மற்ற நாட்டவர்களுக்கும் தருவதா இல்லையா என்பது பதிவு நிறுவனத்தின் விருப்பம். சில நிறுவனங்கள் எல்லோருக்கும் கொடுத்தன, சில ஐரோப்பிய முகவரிகளுக்கு மட்டும் கொடுத்தன. ஒரே அறையில் இருக்கும் இருவரில் ஒருவர் எண் மறைந்து மற்றவர் எண் தெரிவது இதனால்தான்.

மறைப்பை எதிர்க்கிறவர்கள் சொல்வதையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கான பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது, சென்னையைச் சேர்ந்த சிஃபி என்கிற சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில். உரிமை இருந்தால் அதை மீறியவரைக் கண்டுபிடிக்கவும் வழி வேண்டும். கண்டுபிடிக்க முடியாத எதிர்வாதிக்கு இந்திய நீதிமன்றங்கள் ‘அசோக் குமார்’ என்று பெயர் வைத்து வழக்கு நடத்துகின்றன. 2012இல் ‘3’ படத்துக்காக அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய திருட்டுப் பதிவேற்றத் தடை இந்த வகை உத்தரவுகளில் பேர்போனது. தமிழ்ப் படங்களைத் திருடி ஏற்றும் தளங்கள் பின்னொட்டை மாற்றி மாற்றி ஓடுவதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அதைவிடக் கொடுமை, பெரிய நிறுவனங்களின் பெயரில் விநியோக உரிமை தருகிறோம் என்று போலித் தளம் போட்டுச் சிறு வியாபாரிகளிடம் முன்பணம் பறிப்பது. டாபர் நிறுவனம் ‘அசோக் குமார்’ மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அப்படிப்பட்டதுதான். அதில் 2022இல் நீதிமன்றம் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொன்னது: டொமைன் வாங்கும்போதே மறைப்பைத் தானாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது, வேண்டும் என்று கேட்பவருக்கே தரவேண்டும்.

ஏமாந்தவர்கள் பக்கம் நின்று பேசிய நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மறைப்பைக் கேட்டு வாங்கவேண்டிய ஒன்றாக்குவது தவறான இடத்தில் வைக்கும் பூட்டு என்பதே என் கருத்து. முன்பணம் பறிக்க வந்தவன் படிவத்தில் தன் உண்மை முகவரியை எழுதுவதில்லை. திருட்டு சிம், இல்லாத தெரு, யாரோ ஒருவர் பெயர். பொதுப் பதிவேட்டைத் திறந்துவைத்தால் அவனுடைய பொய் ஊருக்குத் தெரியும். விடுதி முகவரியைப் பிசகாமல் எழுதிய ஆய்வு மாணவியின் உண்மையும் ஊருக்குத் தெரியும். ஹூஇஸ் திறந்திருந்த முப்பத்தாறு ஆண்டுகளிலும் மோசடித் தளங்கள் குறையவில்லை. மோசடிக்காரன் அஞ்சவேண்டியது வாங்கும் நேரத்தில் நடக்கும் அடையாளச் சரிபார்ப்புக்கும், புகார் வந்தால் பதிவு நிறுவனம் விரைந்து விவரம் தருவதற்கும்தான். அந்த இரண்டிலும் கண்டிப்பு வேண்டும் என்றால் இரு கை தூக்கி ஆதரிப்பேன்.

அதற்கான கருவியும் வந்துவிட்டது. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு 43ஆம் எண் வாயிலைத் திறந்துவைக்கும் கட்டாயம் நீங்கி, ஆர்டிஏபி என்ற புதிய நெறிமுறை அந்த இடத்துக்கு வந்தது. கேட்பவர் யார் என்று தெரிந்துகொண்டு, காவல்துறைக்கு ஒரு அளவும் பொதுமக்களுக்கு ஒரு அளவும் காட்ட அதில் ஏற்பாடு இருக்கிறது. மறைக்கப்பட்ட விவரத்தை முறைப்படி கோருவதற்கு ஐகான் 2023 நவம்பரில் ஒரு விண்ணப்ப முறையையும் சோதனையாகத் தொடங்கியது. 1867இன் மேசையும் குமாஸ்தாவும் ஒருவழியாகத் திரும்பி வருகிறார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒழுங்காகப் பதில் சொல்கிறாரா என்பதுதான் இனிப் பார்க்கவேண்டியது. காரணம் சொல்லாமல் கோரிக்கைகளைத் தட்டிக்கழிக்கும் நிறுவனங்கள் இருக்கும்வரை டில்லி நீதிமன்றத்தின் கோபமும் இருக்கும்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் என்ன செய்யும் என்பது இனிமேல்தான் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே அமலாகும். அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு ஓட்டை இருக்கிறது: ஒருவர் தானே பகிரங்கமாக்கிய விவரத்துக்குச் சட்டம் பொருந்தாது. மறைப்பு வேண்டாம் என்ற கட்டத்தில் கவனிக்காமல் போட்ட ஒரு டிக், தானே பகிரங்கமாக்கியதாகக் கொள்ளப்படுமா? காலாப்பட்டிலேயே அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே யாராவது மாணவர் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டால் நல்லது.

மறைப்பு இருந்தும் கசிவது எங்கே என்பதையும் சொல்லியாகவேண்டும். மறைத்த பதிவிலும் மாநிலமும் நாடும் பெரும்பாலும் தெரியும். நிறுவனம் என்ற கட்டத்தில் எழுதியதும் பல இடங்களில் தெரியும். அந்தக் கட்டத்தில் தன் பெயரையே எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். திரை போட்டும் பயனில்லாமல் போவது அங்கேதான். தமிழ்நாட்டில் ஒருவர் என்று தெரிவது ஒன்றுமில்லை. புதுச்சேரி சிறிய ஊர். புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் போய், பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைகிறோம், அவ்வளவு சின்ன நிலப்பரப்பு; மாநிலம், துறை, எழுதும் பொருள் மூன்றும் தெரிந்தால் இங்கே ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

பழைய பதிவுகள் இன்னொரு தொல்லை. ஹூஇஸ் பக்கங்களை ஆண்டுக்கணக்கில் சேமித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. திறந்த நிலையில் ஒரு நாள் இருந்தாலும் அந்த விவரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வாங்கிய பிறகு மறைப்பைச் சேர்ப்பது அதனால் பாதிப் பயன்தான். டொமைன் தகராறு வந்து உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் தீர்ப்பளித்தால், அந்தத் தீர்ப்பில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் அச்சாகி நிற்கும். தளத்தின் அடியில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால், அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அதைத் தட்டி உரிமையாளர் பெயரையும் தொழில் முகவரியையும் எவரும் எடுக்கலாம். இதில் குறைசொல்ல ஏதுமில்லை. இணையத்தில் பொருள் விற்கிறவர் பெயரும் முகவரியும் குறைதீர்ப்பு அலுவலர் தொடர்பும் காட்டவேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. வாங்குகிறவருக்கு அது உரிமை. கடை நடத்துகிறவருக்கு மறைப்பு பொருந்தாது. கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வரவும் கூடாது.

மறைப்பதற்குப் பொய் விவரம் எழுதுவது மட்டும் வேண்டாம். ஐகான் ஒப்பந்தப்படி மின்னஞ்சலையோ எண்ணையோ பதினைந்து நாளில் உறுதிசெய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம். தகராறு வந்தால் பொய் முகவரியே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும். தளம் செய்து தரும் தம்பியின் பெயரில் வாங்கிவைப்பதும் கூடாது. நாளை அவர் கோபித்துக்கொண்டால் சட்டப்படி பெயர் அவருடையது. உண்மைப் பெயரை எழுதுங்கள், நிறுவனக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், டொமைனுக்கென்று தனி மின்னஞ்சலும் முடிந்தால் தனி எண்ணும் வையுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பே மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு நிறுவனத்திடம் வாங்குங்கள். ஏற்கெனவே டொமைன் வைத்திருப்பவர்கள் ஐகானின் தேடல் பக்கத்தில் தங்கள் டொமைனை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். சொந்தக் கைபேசி எண் அங்கே தெரிந்தால், அதை மறைக்கச் சொல்லிப் பதிவு நிறுவனத்துக்கு இன்றே எழுதலாம்.